சுகமில்லை என்று சொன்ன மிஸ்ஸி

ஷாமிளா மிஸ்ஸியின் வாசலில் வேப்பிலை கட்டியவள் எங்கள் தோட்டத்துச் சுப்பம்மா. யாரையும் கேட்டுக் கட்டவில்லை. விடிந்ததும் கோயில் மரத்தில் கொப்பு ஒடித்தாள், நிலையில் செருகினாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். "அம்மா எறங்கியிருக்கா. ஒருத்தரும் உள்ள போகாதீங்க. அவளும் வெளிய வரக்கூடாது" என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

அம்மையாவது மண்ணாவது. அது 2008. மாவும் அரிசியும் தேங்காயும் வாரத்துக்கு ஒரு விலை விற்ற வருஷம். எங்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதிமார், எங்கள் வாயில் மிஸ்ஸிமார், சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கிய நாள் அது. அரசாங்க உத்தியோகத்தில் இதை ஸ்ட்ரைக் என்று எழுதிக் கொடுப்பதில்லையாம். எல்லாரும் ஒன்றாகச் சுகமில்லை என்று லீவு போட்டுவிடுவார்களாம். இது எங்களுக்கு எப்படித் தெரியும்? விடியுமுன் வந்த நிவித்திகல பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனது ஒரே வரி: "மிஸ்ஸிலா ஒக்கோம அசனீபய்." மிஸ்ஸிமார் எல்லாருக்கும் வருத்தம், நோய்.

தோட்டத்தில் ஸ்ட்ரைக் என்றால் காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் நின்று தொரை முகத்துக்கு நேரே சொல்வோம். சுகமில்லை என்று சொன்னால் அது வேறு. டிஸ்பென்சரி ஐயா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், கங்காணி லயத்துக்கே வந்து போர்வையை விலக்கிப் பார்ப்பார். அதனால் ஒரே நாளில் இத்தனை பேருக்கு வருத்தம் என்றதும் சுப்பம்மாவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அம்மைதான்.

ஷாமிளா எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்கு லயத்தில் பிறந்த பிள்ளை. தகப்பன் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. தாய் ரப்பர் பால் வெட்டித்தான் படிக்க வைத்தாள். இரத்தினபுரிக்குப் பஸ்ஸில் போய் வந்து படித்தாள், தாதி வேலைக்கு எடுபட்டாள். வெள்ளை உடுப்போடு அவள் முதல்முறை தோட்டத்துக்குள் நடந்து வந்தபோது கொழுந்துக் கூடையோடு நின்ற பொம்பளைகள் வழி விட்டார்கள். தாய் போன பிறகும் டவுனில் அறை எடுக்கக் கட்டாது என்று லயத்துக் காம்பராவிலேயே இருந்தாள். மாதம் பாதி தாண்டுவதற்குள் அவள் வீட்டிலும் எங்கள் வீட்டைப் போல ரொட்டியும் சம்பலும்தான். நான் தோட்டத்து லொறி டிரைவர். யார் வீட்டில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரியும்.

அன்று பத்து மணி வாக்கில் செல்லையா ஓடி வந்தான். அவன் பெண்சாதி மல்லிகா அந்த ஆஸ்பத்திரியில்தான் கிடந்தாள். பால்வெட்டுக் கத்தி காலில் பட்டு, புண் சீழ் பிடித்து, வீக்கம் முழங்கால்வரை ஏறியிருந்தது. கையில் ஊசி குத்தி வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, லொறிய எடுங்க. மல்லிகாவ கூட்டிக்கிட்டு வந்துருவோம். ஆஸ்பத்திரி முழுக்க அம்மையாம்."

"ஒனக்கு யாருடா சொன்னது?"

"மிஸ்ஸி வாசல்லயே வேப்பிலை தொங்குது, இன்னும் யாரு சொல்லணும்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. முந்தின நாள் மாலை ஷாமிளா குடம் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் பீலிக்கரைக்குப் போனதைப் பார்த்திருந்தேன். அவனை இழுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். சுப்பம்மா குறுக்கே நின்றாள்.

"ட்ரைவரண்ணே, ஒங்களுக்குப் பட்டாத்தான் புத்தி வரும்!"

"நகரு தங்கச்சி. ஏய் ஷாமிளா! இவன் பொஞ்சாதிய ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வரப் போறான். ஒனக்கு என்னா வருத்தம்னு சொல்லு!"

கதவு திறந்தது. தலைமுடியை அள்ளி முடிந்தபடி வந்தாள். முகத்தில் ஒரு பொட்டு கொப்புளம் இல்லை.

"மல்லிகாக்காவையா? வேணாம் செல்லையாண்ணே. மருந்த பாதியில விட்டா நஞ்சு ஏறிரும். காலையே எடுக்க வேண்டி வரும். ஆளே போனாலும் போயிரும்."

"அப்ப அம்மை?"

"அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல. ஸ்ட்ரைக்கு."

சுப்பம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாங்க என்னா பைத்தியக்காரிகளா? நோயின்னு வாயால சொல்லலாமாடி?"

செல்லையா மெதுவாகத்தான் கேட்டான். "என் பொஞ்சாதி அங்க கெடக்கா. நீ நல்லா இருந்துக்கிட்டே இங்க உக்காந்திருக்கே, என்னா?"

ஷாமிளா கதவை இழுத்துச் சாத்தினாள். செருப்பை மாட்டிக்கொண்டு செல்லையாவோடு லொறியில் ஏறினாள்.

வழியில் நான் விடவில்லை. "நாங்க ஸ்ட்ரைக் பண்ணினா கொழுந்து முத்தும். நீங்க பண்ணினா மனுஷன் சாவான். ரெண்டும் ஒண்ணா?"

"கொழுந்து முத்தினா தொரைக்கு நோகும் மாமா, அதனால எறங்கி வருவாரு. நாங்க வராட்டி கொழும்புல இருக்கிறவங்களுக்கு நோகாது, மல்லிகாக்காவுக்குத்தான் நோகும். அது தெரிஞ்சுதான் எங்க கையக் கட்டி வச்சிருக்காங்க. பிள்ளப்பேறு வார்ட்டுக்கும் அவசர வார்ட்டுக்கும் ஆள் விட்டுட்டுத்தான் வெளிய வந்தோம். மத்த வார்ட்டுக்கு ஒவ்வொரு பெரிய மிஸ்ஸி இருக்காங்க."

"ஒரு ஆளு பத்துமா?"

"பத்தாது" என்றாள்.

கேட்டுக்கு வெளியே மிஸ்ஸிமார் மட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவியாக நின்ற சிங்களப் பெண் இவளைக் கண்டதும், "ஷாமிளா நங்கி, கொஹெத யன்னே?" என்று வழியை மறித்தாள். தங்கச்சி, எங்கே போகிறாய் என்று. தெரிந்த ஆள் ஒன்று கிடக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவள் சிங்களத்தில் சொன்னாள். இன்றைக்கு நீ போனால் நாளைக்குப் பத்துப் பேர் போவார்கள், அதோடு முடிந்தது நம் கதை என்றாள் தலைவி. அதிலும் நியாயம் இருந்தது. ஷாமிளா தலையைக் குனிந்தபடி எங்களோடு உள்ளே போனாள். பின்னால் யாரோ ஊளையிட்டார்கள்.

மல்லிகா சேலையை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்த யாரோ அவளிடமும் அம்மைக் கதையைச் சொல்லியிருந்தார்கள். கால் பனங்கட்டை மாதிரி இருந்தது. மத்தியான மருந்து இன்னும் போடவில்லை. பெரிய மிஸ்ஸி அந்தக் கோடியில் ஒரு கட்டிலில் குனிந்திருந்தார்.

"அம்மை இல்லக்கா. நீ போகாத."

"காலையில சுகமில்லன்னு சொல்லி விட்டீங்க. இப்ப அம்மை இல்லங்கிறே. நான் எதடி நம்புறது?"

  செல்லையா மூட்டையைத் தூக்கிக்கொண்டான். ஒரு நிமிஷத்தில் மல்லிகா எழுந்து விடுவாள், நான்தான் லொறி ஓட்ட வேண்டும்.

"சுகமில்லன்னது பொய்தான்" என்றாள் ஷாமிளா. "சம்பளத்துக்காகச் சொன்ன பொய். மேலிடத்துக்குச் சொன்னது, வந்து ஒன்னயச் சுட்டிருச்சு. ஆனா ஒன் காலப் பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா. ஒன்னோட பால் வெட்டினவ மக நான்."

மல்லிகா அவளையே பார்த்தாள். பெரிய மிஸ்ஸி மருந்துத் தட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். சீட்டைப் பார்த்தார், ஷாமிளாவைப் பார்த்தார். தட்டை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவள் கை கழுவினாள். மருந்தைக் கரைத்து ஊசியில் இழுத்தாள். மல்லிகா மூட்டையைச் செல்லையாவிடமிருந்து வாங்கித் தலைமாட்டில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

வெளியே வந்தபோது கேட்டில் சத்தமே இல்லை. "வேலை செய்தாயா?" என்று தலைவி கேட்டாள். செய்தேன் என்றாள். "அப்படியானால் நீ எங்களோடு இல்லை."

"இருக்கேன் அக்கே. எனக்கும் சம்பளம் பத்தல. ஆனா இனி சுகமில்லன்னு எழுத மாட்டேன். ஸ்ட்ரைக்குன்னுதான் எழுதுவேன்."

"அப்படி எழுதினால் வேலை போய்விடும்."

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பக்கத்தில் நின்றவள் ஓர் அடி தள்ளி நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

என்னைக் கேட்டால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் கைகளுக்கு ரொட்டியும் சம்பலும் போதாது. கேட்பதை நேராகக் கேட்க விட வேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானக் கொழுந்து ஏற்ற நேரமாகிவிட்டது. நான் லொறியைத் திருப்பினேன். செல்லையா ஏறவில்லை. அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவே விட்டிருந்த இடத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"டேய், அந்தி வேலைக்கு ஒன்னைய கங்காணி கேட்டா என்னடா சொல்றது?"

"ஸ்ட்ரைக்குன்னு சொல்லுங்கண்ணே" என்றான்.