யசோதரா அக்காவும் "விருப்பமில்லாதவர்களும்"

லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது வில்லியே லே பெல் புறநகரிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா விடியப் போயிட்டா" என்றார் யசோதரா அக்காவின் தங்கை. புற்றுநோய் முற்றியது தெரிந்ததுதான். இருந்தும் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அக்கா இதயநோய் ஆய்வாளர். சென் தெனி ஆய்வுக்கூடமொன்றில் அவர் பணியாற்றியபோது நான் அங்கே அலுவலக ஊழியன். கூட்டங்களில் கேள்வி கேட்டே பகையைத் தேடிக்கொள்வார்.

புறநகர் மக்களின் இதயநோய் பற்றிப் பெரியதோர் ஆய்வு நடந்தது. பகலில் தொலைபேசியில் அழைத்துப் பிரெஞ்சில் கேள்வி கேட்பார்கள். எடுக்காதவர்களை "விருப்பமில்லை" என்று பதிந்து நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவர்களில் தமிழர் குவிந்திருந்ததை அக்காதான் கண்டார்.

"சனம் ரெஸ்ரோரன்ரிலை கோப்பை கழுவுற நேரம் கோல் அடிச்சுப்போட்டு, விருப்பமில்லையாம்!" என்று என்னிடம் கொதித்தார்.

தானே போய்த் தமிழில் கேட்பதாக ஆய்வின் பொறுப்பாளரிடம் சொன்னார்.

"நீங்களும் அவர்களில் ஒருவர். பக்கச்சார்பு வந்துவிடும்" என்றார் அவர்.

"பிரெஞ்சுக்காரரைப் பிரெஞ்சுக்காரர் கேட்டால் வராதா?"

அதன்பின் அக்காவைக் கூட்டங்களுக்கே அழைக்கவில்லை. தமிழரிடையே கூடுதல் இதயநோய் ஆபத்து எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை வெளிவந்தது.

"தேடேல்லை எண்டு எழுத வேண்டிய இடத்திலை, இல்லை எண்டு எழுதியிருக்கினம்" என்றார் அக்கா.

ஞாயிறுகளில் லா சப்பல் கடையொன்றின் பின்னறையில் அவரே இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கத் தொடங்கினார். மெலிந்த இளைஞர் பலருக்கும் இரண்டும் கூடியிருந்தன. குகன் என்ற சமையல்காரரை உடனே மருத்துவரிடம் அனுப்பினார். "மெல்லிய உடம்பு, வயதும் இல்லை, பயப்படாதீர்கள்" என்று மருத்துவர் திருப்பி அனுப்பினார். சில மாதங்களில் குகன் அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார்.

செத்தவீட்டில் அக்கா அழவில்லை. "டொக்டரை ஏசி என்ன? எங்கடை அறிக்கையைத்தானே அவர் நம்பினவர்" என்றார்.

தாம் கண்டவற்றைக் கட்டுரையாக்கி மருத்துவ இதழொன்றுக்கு அனுப்பினார். பரிசோதித்த ஆட்கள் போதாது, எழுதியவரும் அந்தச் சமூகத்தவர் என்று திரும்பி வந்தது. ஆட்கள் ஏன் போதவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கசப்போடுதான் அவர் நோயில் விழுந்தார்.

தகனத்துக்குப் பொறுப்பாளரும் வந்திருந்தார். "குரலற்றவர்களின் குரல்" என்று அக்காவைப் புகழ்ந்து பேசினார். முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"தமிழர் பற்றி ஓர் ஆய்வு தொடங்குகிறோம். தமிழ் தெரிந்த ஆய்வாளர் யாராவது இருக்கிறார்களா?"

"ஒருவர் இருந்தார்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுத் தம் காரைத் தேடிப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. தகனசாலைப் புகைபோக்கிக்கு மேலே காற்று மட்டும் மெல்ல நடுங்கியது.

போய் வாருங்கள், அக்கா.