பச்சைக் கேட்டும் ஈயச் சொம்பும்

பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போன பிறகு, அவர்கள் தொட்டதையெல்லாம் தொட்டுப் பார்த்துப் பயப்படுவதுதான் என் தொழில். ஊஞ்சல், சறுக்கு, கம்பி, மண் எதுவானாலும், பழைய பெயிண்டின் ஈயம் அதில் இருக்கிறதா என்று கருவி வைத்துச் சொல்ல வேண்டும். பகலில் தூக்கம் வராத ராத்திரி வேலைக்காரர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ரசம்

ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீடு. பின்முற்றத்தில் மல்லிகா தன் மகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். அந்தி சாயும் நேரம் பச்சை இரும்புக் கேட்டில் கருவியை வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. "ஈயம்மா, விஷம்" என்றேன். மல்லிகா சிரித்துவிட்டார். அவர் வீட்டில் ரசமே ஈயச் சொம்பில்தானாம். அது விஷமில்லாத வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகம் என்று நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதை ஒப்பித்தேன்.

"கருப்போ வெள்ளையோ, ஈயம் ஈயம்தானே அண்ணே? குடிச்சு வளர்ந்தவங்க நல்லாத்தான் இருக்கோம்லா!"

தீபாவளிச் சுத்தம்

கேட்டின் அடிப்பக்கம் மட்டும் இரும்பு பளபளத்தது. கீழே மணலில் பச்சைத் தூள். தீபாவளிக்குப் புது பெயிண்ட் அடிக்க யாரோ பழையதைத் தண்ணீர் தெளிக்காமல் காய்ந்தபடியே சுரண்டிவிட்டு, பாதியில் போயிருக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் செல்வம் முகமூடியை இறுக்கிக்கொண்டான்.

"கேட்ல இருந்தது மண்ணுக்கு வந்தாச்சு. மண்ணுல இருந்து வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்க."

சப்பாத்து

விடியும்போது உட்லண்ட்ஸில் என் வீட்டுக்குத் திரும்பினேன். காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி வாசலிலேயே விட்டேன். சட்டையைத் தனியாக ஊறவைத்தேன். கை கழுவினேன், சந்தேகம் வந்து மறுபடி கழுவினேன். படுத்தால் கண்ணுக்குள் அந்தத் தூள். எழுந்துபோய் இன்னொரு முறை கழுவினேன். மனைவி குழாயை மூடினாள்.

"போதும்ங்க, ரேகை அழிஞ்சா ஐசி கார்டு எடுக்க முடியாது."

பச்சை

அன்று சாயங்காலமே மல்லிகாவிடம் மறுபடி சொல்லிப் பார்க்கப் போனேன். அவர் மகள் நிலா, மூன்று வயது, கேட்டோரம் குந்தியிருந்தாள். நகத்தால் சுரண்டினாள். விரல் வாய்க்குப் போனது. நான் போட்ட சத்தத்தில் மல்லிகா ஓடிவந்து அவள் வாயைத் திறந்தார். நாக்கில் பச்சைச் செதில். ஏன்டி தின்னே என்று மல்லிகா உலுக்க, குழந்தை சாதாரணமாகச் சொன்னாள்:

"பச்சைதாம்மா இனிக்கும். செவுத்து வெள்ளை நல்லால்ல."

சொம்பு

நிலாவின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. மறுபடி சோதிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டைக் கழற்றியாயிற்று, மண்ணையும் அள்ளப் போகிறார்கள். மல்லிகா போன் செய்தார். ஈயச் சொம்பையும் குப்பையில் போட்டுவிட்டாராம். "ஐயோ, அது வேற ஈயம்மா" என்றேன். மல்லிகா அழ ஆரம்பித்தார்.

"கருப்போ வெள்ளையோ, ஈயம் ஈயம்தானே அண்ணே?"

பாழாய்ப்போன காரீயம் கசந்து தொலைத்திருந்தால் எனக்கு இந்த வேலையும் இருந்திருக்காது, பகல் தூக்கமும் கெட்டிருக்காது.