உள்ரூம் சுவர்

அருப்புக்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் உள்ரூம் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று முதல்முறை போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்தார். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்; மாடியில் இருக்கிறார்.

"கந்தக பூமியில ஏதும்மா பூஞ்சை? மழையவே காணோம். ஈரத்துணிய உள்ளுக்குள்ள காயப்போட்டிருப்பீக."

நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்த அறையில்தான் என் மகள் படுப்பாள். ஆறு வயது. இளைப்பு வந்தால் நெஞ்சுக்கூடு தூக்கித் தூக்கிப் போடும். "வீட்ல ஓதம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். சுவரைப் பற்றிச் சொன்னேன். "அப்ப மருந்து மட்டும் குடுத்தா கேக்காதும்மா" என்றார்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது குடியிருப்பவர் பாடு என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். இரண்டு பொங்கலுக்கு நானே சுண்ணாம்பு மட்டை பிடித்து அந்தக் கறுப்பை மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மாசி முடிவதற்குள் சுண்ணாம்பு உதிர்ந்து மறுபடி கறுத்துவிட்டது. மூன்றாம் பொங்கலுக்கு வீடு முழுக்க அடித்தேன். அந்தச் சுவரை மட்டும் தொடவில்லை. கிடக்கட்டும், கண்ணிருப்பவர் பார்க்கட்டும்.

காரணம் எனக்குத் தெரிந்துபோயிருந்தது. இங்கே குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்தாலே பெரிய காரியம். வருகிற அன்று குடம், குண்டான், தூக்குவாளி எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், எங்கள் உள்ரூமுக்கு நேர் மேலே செங்கல் தொட்டியே கட்டியிருந்தார். மோட்டார் போட்டு அதை நிரப்பிய மறுநாள், ஈரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். சித்திரை வெயிலிலும் ஈரம் கோட்டைத் தாண்டி இறங்கியது. அவரைக் கூட்டி வந்து காட்டினேன்.

"சுவத்துல ஏம்மா கிறுக்கி வச்சிருக்கீக?"

"தொட்டி கசியுது அண்ணாச்சி. உள்பக்கம் பூசணும்."

"பூசணும்னா தொட்டிய காலி பண்ணணும். தண்ணியத் தரையில விடச் சொல்றீகளா? இந்த ஊர்ல? பிடிக்கலைன்னா வீட்டக் காலி பண்ணுங்க."

"பண்ண மாட்டேன். வெள்ளையடிக்கிறது என் வேலை, சரி. தொட்டி உங்க வேலை. நீங்க ஒழுக்க அடைங்க, பெறகு சுவர நான் பாத்துக்கிடுறேன்."

ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவர் பயந்துவிட்டார். "எதுக்கு வம்பு? எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வேற வீடு பாப்போம்" என்றார்.

"போறதுன்னா நீங்க போங்க. நம்ம போனா அடுத்து வர்றவ பிள்ளையும் இதுலதான் படுக்கும்."

வைகாசியில் வீட்டுக்காரரின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆபரேஷன் ஆகிவிட்டது. மாடிப்படி ஏறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதுவரை எங்கள் வாசலை மிதிக்காத வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார்.

"தாயி, ஒரு பதினஞ்சு நாளு உள்ரூம மட்டும் குடுத்தீகன்னா தாயும் பிள்ளையும் படுத்துக்கிடுவாக."

"தாராளமா வாங்கக்கா" என்று கதவை அகலத் திறந்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம் இருந்தது. இல்லை என்றால் பொய்.

இரண்டடி வைத்ததும் அந்தம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். பின்னால் வந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "ஆத்தாடி! பச்சப்பிள்ளைய இதுலயா போடுறது? மூச்சு முட்டிப் போகுமே!"

அந்தச் சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்து என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இதுவும் பிள்ளைதான்க்கா. மூணு வருசமா இதுலதான் மூச்சு விடுது" என்றேன். குரல் உடைந்துவிட்டது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாயையும் பிள்ளையையும் எங்கள் முன்ரூமில் படுக்க வைத்தோம். கொத்தனாருக்கு அப்போதே போன் போனது. "ரெண்டு நாளு முன்னாடிதான் நிரப்புனது. இந்தத் தண்ணி மட்டும் தீரட்டுமே" என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

"இன்னைக்கே" என்றார் வீட்டுக்காரம்மா.

தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் சாக்கடை நிறைந்து தெருவில் ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வயிறெரிந்து குடத்தோடு ஓடிவந்தார்கள். சிந்தினால் பாவம் என்று வளர்ந்தவள்தான் நானும். ஒரு செம்புகூடப் பிடிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று பார்த்தேன்.