மாமனாருக்குப் பாதி மாத்திரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் வீட்டு கேட் திறந்து கிடந்தது. பாப்பாவின் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தபடியே என் மாமனார் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பாப்பா? ரோட்டோரத்தில் ஒரு நாயோடு பேசிக்கொண்டிருந்தாள்!

ஓடிப்போய்த் தூக்கினேன்.

"ஏனுங் மாமா, தூங்கிட்டீங்களா?"

"இல்லீங்கம்மணி... சும்மா கண்ணை மூடியிருந்தேன்."

நர்சரி ரிக்‌ஷாவில் பாப்பாவை ஏற்றிவிடுவது அவர் வேலை. அவராகக் கேட்டு வாங்கிய வேலை.

"இனிமே பாப்பாவை அப்பாகிட்ட உட வேண்டாம்" என்றார் என் கணவர்.

"சரிங்க, நீங்களே சொல்லிப்போடுங்க."

"நானா? உன்னைத்தான் அவருக்குப் புடிக்கும். நீயே சொல்லு!"

இருவருமே சொல்லவில்லை. சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவு பஸ் ஏறிவிடுவார்.

அங்கிருந்து கோவைக்குக் குடிவந்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு ஒரு கல்லூரியின் மருந்தியல் ஆய்வகத்தில் வேலை. எலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் இடம். எலியைப் புதுக் கூண்டுக்கு மாற்றும்போது, பழைய கூண்டின் மரத்தூளில் ஒரு பிடி அள்ளிப் போடுவோம். தெரிந்த வாசனை இருந்தால் அவ்வளவாக மிரளாது. அதே யோசனையில் பாப்பாவுக்காகப் பழைய தலையணை, பழைய போர்வை, கை உடைந்த பொம்மை... எல்லாம் மூட்டை கட்டி வந்தேன். அவளோ முதல் நாளே குறட்டை விட்டாள்!

தூக்கம் போனது மாமாவுக்கு. டாக்டர் மாத்திரை கொடுத்தார். எப்போதோ என் கணவருக்குக் கொடுத்த அதே மாத்திரை, அதே அளவு. அவர் மறுநாள் பளிச்சென்று எழுந்தார். மாமாவுக்கு மட்டும் ஏன் விடிந்த பிறகும் தலை தொங்குகிறது?

இது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? இளம் எலிக்கும் கிழ எலிக்கும் எடைக்கேற்ப ஒரே அளவு தூக்க மருந்துதான் கொடுப்போம். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இளம் எலி கூண்டுக் கம்பியில் ஏறி நிற்கும். கிழ எலி மத்தியானம் வரை அசையாது. மிரண்டால் தெளிவதற்கும் அதற்கு நேரம் அதிகம். தினமும் பார்ப்பவள் நான் — வீட்டில் மட்டும் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். எலிக் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதிகப்பிரசங்கி என்று நினைத்துவிடுவாரோ? சிரித்தார்.

"மனுஷனுக்கும் அதேதாம்மா. பாதியாக்கி, மெதுவா நிறுத்திடலாம்."

"அப்ப நான் எலிங்களா?" என்றார் மாமா.

திரும்பும் வழியில் கேட்டேன். "அங்க இருந்தது எது இங்க இல்லாம தூக்கம் வரலீங் மாமா?"

யோசிக்கவே இல்லை. "அந்த லொடக்கு ஃபேனுங்கம்மணி. இங்க சத்தமே இல்லீங்களே!"

பாப்பா விரலை விட்டுவிடுவாள் என்று பயந்து, அந்த டேபிள் ஃபேனை நான்தான் அங்கேயே விட்டு வந்திருந்தேன். போய் எடுத்துவந்து, பாப்பாவுக்கு எட்டாமல் பீரோ மேல் ஏற்றினோம். வீடே அதிர்கிறது. மாமா தூங்குகிறார்.

இப்போது மாத்திரையே இல்லை. காலையில் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட் அருகே விறைப்பாக நிற்கிறார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்க மருமக எலி டாக்டருங்க. எனக்கே அம்மணிதான் பாக்குது" என்று பெருமை வேறு!

நேற்று எதிர்வீட்டு அம்மா என்னை நிறுத்தினார்.

"ஏனுங், எங்க அத்தைக்கும் தூக்கமே இல்லீங்க. உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுங்களா... இல்ல, எலி ரூமுக்கே கூட்டிட்டு வந்தரட்டுங்களா?"