நமுனுகுலையா, கீரிமலையா?

பிள்ளைகளே, நமது யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. சைக்கிளை மிதிக்காமல் விட்டால் தானாக உருளுகிற ஒரு சரிவுகூட இல்லை. அப்படியிருந்தும் சின்ன வயதில் நான் ஒரு மலைக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் நீர்வேலியில், ஒரு வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். சொந்த ஊர் கீரிமலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே சண்டை வந்து ஊரைவிட்டு வந்துவிட்டோம். பிறகு இராணுவம் வேலி போட்டு அடைத்துவிட்டது. அப்பா வாழைக்குத் தண்ணீர் கட்டும்போதெல்லாம் கீரிமலைக் கதைதான் சொல்லுவார். ஊற்றுத் தண்ணீர், அதன் குளிர், ஓயாத காற்று. நான் மனதுக்குள் முகில் முட்டுகிற ஒரு மலையை எழுப்பி, அதன் உச்சியில் எங்கள் வீட்டையும் வைத்துவிட்டேன்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்ததும், மலைநாட்டில் பதுளையில் கடை வைத்திருந்த மாமா குடும்பத்தோடு வந்தார். அவருடைய பிள்ளைகள், மச்சானும் மச்சாளும், வந்த அன்றே தொடங்கிவிட்டார்கள்.

“நமுனுகுலைதான் திறம். எங்கடை வீட்டு யன்னலைத் திறந்தால் அதுதான் நிக்கும்,” என்றான் மச்சான்.

“சிவனொளிபாதமலையிலை விடியேக்கை அதின்ரை நிழல் முக்கோணமா முகிலிலை விழும். உன்ரை நமுனுகுலைக்கு நிழல் இருக்கோ?” என்றாள் மச்சாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்கடை கீரிமலை ரண்டையும் விடப் பெரிசு,” என்றேன்.

“அப்ப ஏன் இஞ்சையிருந்து தெரியேல்லை?” என்று மச்சாள் கேட்டாள்.

“ஆமி மறைச்சு வைச்சிருக்கு.”

மச்சான் கொஞ்சம் யோசித்தான். “ஆமி பிடிச்சு வைச்சிருக்கெண்டால் உயரமாத்தான் இருக்கும்,” என்று ஒப்புக்கொண்டான்.

மச்சாள் விடவில்லை. எங்களை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அங்கே அப்பாவும் மாமாவும் கதைத்துக்கொண்டு நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அத்தான், கேட்டியளோ, உங்கடை மோன் கீரிமலையிலை மலை கட்டிறான். அது கடற்கரையடா தம்பி. பேரிலை மட்டுந்தான் மலை.”

மச்சானும் மச்சாளும் சேர்ந்து சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சொல்லித்தானே எனக்கு அந்த மலை வந்தது. அவரும் சிரித்துவிட்டால் எனக்கென்று ஒன்றுமே இல்லை.

அப்பா சிரிக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “மருமோன், நமுனுகுலையிலை ஏறினனியோ?” என்று கேட்டார்.

“ஓம் மாமா. பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு போனவை.”

“பிள்ளை, நீ சிவனொளிபாதத்திலை?”

“ஓம் மாமா, உச்சி வரைக்கும் போனனான்.”

“ஆரும் ஏறக்கூடிய மலையை என்னெண்டு பெரிசெண்டு சொல்லிறது? எங்கடை மலையிலை ஒருத்தராலையும் ஏறேலாது.”

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் வரம்பில் துள்ளிக் குதித்தேன்.

கீரிமலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஊர் விடுபடும்வரை உங்கள் அப்பப்பா உயிரோடு இருக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு அவருக்காக நான் கேணியில் முழுகப் போனபோது, “மலை எங்கை அப்பா?” என்று சின்னவள் கேட்டாள். தண்ணீருக்கு நான் படியிறங்கித்தான் போனேன்.

மலைக்காகச் சண்டை பிடித்த அன்றைக்கு, எல்லோரும் தோட்டத்தைவிட்டுப் போன பிறகும் அப்பா கீரிமலை இருக்கிற வடக்குப் பக்கம் பார்த்தபடியே நின்றார். அவருக்கு மலை தெரிகிறதாக்கும் என்று நினைத்து, நானும் பக்கத்தில் நின்று வாழைகளுக்கு மேலால் எக்கி எக்கிப் பார்த்தேன்.