பாயில் வைத்த ஜன்னல்

துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு நீள உருளை தொங்கிக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கம்பளமா, புரொஜெக்டர் திரையா, கல்யாணத்துக்கு ஷாமியானாவா. படகின் பாய் என்று சொன்னால் இன்னொரு தடவை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம், “டெல்லியிலா?”

ஆமாம், டெல்லியில்தான். தடுப்பணைக்கு மேலே யமுனை ஏரி மாதிரி விரிந்து நிற்கிற இடத்தில் ஒரு சின்னப் படகு கிளப் உண்டு. நாற்றம் உண்டு, மறுப்பதற்கில்லை. மழை முடிந்ததும் நுரையும் உண்டு. ஆனால் குளிர்காலத்துக் காலையில் மூட்டம் விலகி, எங்கிருந்தோ வந்த வெள்ளைப் பறவைகள் தண்ணீரில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்போது காற்று லேசாகக் கிளம்பும். அந்த நேரத்துக்காக என்ன நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு தம்பதியிடமிருந்து நானும் அக்காவும் அந்தப் பழைய படகை வாங்கினோம். இரண்டு பேர் படகு. கிளப்பில் அந்த மாதிரி எங்களுடையது ஒன்றுதான்.

அந்தப் பாயின் கீழ்ப்பகுதியில் ஒரு ஜன்னல் இருந்தது. துணியை வெட்டி, அந்த இடத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை வைத்துத் தைத்திருப்பார்கள். காற்று பிடித்துப் பாய் ஒரு பக்கம் விரிந்தால் அந்தப் பக்கத்து ஆறே மறைந்துபோகும். எதிரில் மீன்காரர் படகு வருகிறதா, ஆகாயத்தாமரைத் திட்டு மிதந்து வருகிறதா என்று சுக்கான் பிடிக்கிறவர் பார்ப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

துணி எதையும் தாங்கும். ஜன்னல் தாங்காது. அக்கா இதைப் படித்துப் படித்து ஒரு சட்டமே வைத்திருந்தாள். பாயை மடிக்கவே கூடாது, சுருட்டத்தான் வேண்டும். மடித்த இடத்தில் பிளாஸ்டிக் வெள்ளைக்கோடாக வெடித்துவிடும். அதனால்தான் நடுவில் ஒரு தண்ணீர்க் குழாயைக் கொடுத்துச் சுருட்டினோம். ஜன்னல் வரும் இடத்தில் அப்பாவின் பழைய வேட்டித் துண்டு. ஜனவரிக் குளிரில் எடுத்தவுடன் விரிக்கக் கூடாது, பிளாஸ்டிக் அப்பளமாக இருக்கும்; வெயிலில் கொஞ்சம் இளக விட வேண்டும். டெல்லித் தூசி படிந்திருந்தால் கையே வைக்கக் கூடாது, முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட விட வேண்டும். கிளப்பின் தகரக் கொட்டகையில் எலியும் புறாவும் குடித்தனம் நடத்தியதால் பாய் மட்டும் எங்களோடு வீட்டுக்கு வரும். வாடகைக் காரில் டேஷ்போர்டிலிருந்து பின்கண்ணாடி வரை அது நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். நான் அதற்கு இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். வழியெல்லாம் குழாய்க்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் பேச்சு.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. அதுவரை நாங்கள் தனியாக ஆற்றில் போனதே இல்லை. கிளப்பின் தேர்வில் பாஸ் ஆகாதவர்கள் பின்னால் மோட்டார் படகு டுப்டுப்பென்று வந்துகொண்டே இருக்கும், ஸ்கூல் பஸ்ஸைத் துரத்தும் அம்மா மாதிரி. தேர்வுக்கு அக்கா பெயர் கொடுத்தாள். அவளுக்கு வேண்டியது சான்றிதழ் இல்லை.

“நம்ம ரெண்டு பேர் மட்டும். ஒரே ஒரு தடவ. போறதுக்கு முன்னாடி,” என்றாள்.

அம்மாவுக்குப் படகே பிடிக்காது. நதி என்றால் கரையில் நின்று கும்பிட வேண்டியது என்பது அவள் கட்சி. திருநெல்வேலியிலிருந்து வந்து பாதி ஆயுசு டெல்லியில் கழிந்தும் அந்தக் கிளப்பின் பக்கம் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் பெரிய மகள் கிளம்பப் போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து என்னவோ ஆகிவிட்டது. அக்காவுக்குப் பிடித்தது எது என்று தேடித் தேடிச் செய்துகொண்டிருந்தாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் ஆபீஸிலிருந்து வந்தபோது, பூஜை அலமாரியில் வெள்ளி விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் வெள்ளியை விபூதி போட்டுத்தான் தேய்ப்பார்கள். பாய் ஹாலில் விரிந்து கிடந்தது.

“ஜன்னல் ஒரே மங்கலா இருந்துச்சுட்டி. வெளக்கு தேய்ச்ச கையோட அதையும் தேய்ச்சு வச்சிருக்கேன். நல்லா அழுத்தி,” என்றாள் அம்மா.

விபூதி. காய்ந்த துணி. அடியில் டெல்லித் தூசி. ஜன்னல் முழுக்க ஆயிரம் மெல்லிய வட்டக் கீறல்கள். அதன் வழியாகப் பார்த்தால் ட்யூப்லைட்கூடப் பால் சிந்தியதுபோல் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

“நல்லாருக்கும்மா,” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மறுநாள் காலை கரோல் பாக். பைக் சாமான் கடைகள் வரிசையில் ஹெல்மெட் கண்ணாடிக்குப் போடும் பாலிஷ் கேட்டு அலைந்தோம். பக்கத்து புசா ரோடில்தான் நான் தமிழ் படித்த பள்ளிக்கூடம். அன்றைக்கு எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. பாலிஷைப் பஞ்சால் தொட்டுத் தொட்டு, அம்மா தூங்கிய மத்தியானத்தில் தேய்த்தோம். பாலாக இருந்தது மோராயிற்று. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் கூட வருவதாகச் சொல்லிவிட்டாள். மடியில் எலுமிச்சை சாதமும் ஃபிளாஸ்க்கும்.

தேர்வு வைத்தவர் ஒரு சர்தார்ஜி. எல்லாரையும் சொந்தப் பிள்ளை மாதிரி பேட்டா என்பார். அதற்கு மேல் சிரிப்பெல்லாம் கிடையாது. மூன்றாவது ஆளாக எங்கள் படகில் ஏறிக்கொண்டார். ஜன்னலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். கிளம்பியதும் நான் என் வேலையை ஆரம்பித்தேன். கன்னத்தைப் படகில் ஒட்டவைத்துப் படுத்துக்கொண்டு, பாய்க்கு அடியில் தெரிகிற இடுக்கு வழியாகப் பார்த்து அக்காவுக்குத் தமிழில் சொல்வது. இடது பக்கம் ஒரு படகு, வலை போடுறாங்க, இன்னும் தூரம் இருக்கு. இப்படி.

என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். பசிக்கிறதாம் என்றாள் அக்கா.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, இனி நீ வாயைத் திறக்காதே, படகு ஓட்டுகிறவளே பார்க்கட்டும் என்றார். அச்சா என்று எழுந்து உட்கார்ந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். எங்களுக்கு முன்னால் மோர் நிறத்தில் பாதி யமுனை.

அக்கா கொஞ்ச தூரம் போனாள். பிறகு பாயின் கயிற்றைத் தளர்த்தினாள். பாய் காற்றை விட்டுவிட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு சோர்ந்து நின்றது, மறைந்திருந்த பக்கம் கண்ணுக்குத் திறந்தது. குனிந்து பார்த்தாள். கயிற்றை இழுத்தாள், மறுபடி ஓட்டினாள். கொஞ்ச தூரம் கழித்து மறுபடி தளர்த்தினாள். நின்று நின்று, டவுன் பஸ் மாதிரி. எங்களுக்குப் பின்னால் கிளம்பிய இன்னொரு படகு சுற்றி முடித்துக் கரைக்கே போய்விட்டது. அவள் அவசரப்படவில்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கரையில் இறங்கியதும் அவர் சொன்னார்: தெரியாதபோது வேகத்தைக் குறைக்கத் தெரிகிறது, அது போதும், பாஸ். ஆனால் ஜன்னலை மாற்றாமல் இந்தப் பாயோடு தனியாகப் போகக் கூடாது. இதை இப்படிக் கெடுத்தது யார் என்றும் கேட்டார். பழசு என்றாள் அக்கா. அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவள் ஹிந்தி எங்கள் ஹிந்தியைவிட நல்ல ஹிந்தி.

காரில் வெகுதூரம் வந்த பிறகு, குழாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?”

“பாஸ் பண்ணிட்டேன்லாம்மா,” என்றாள் அக்கா.

அம்மா ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினாள்.

பாய் தைக்கிறவர் மும்பையில் இருந்தார். அனுப்பினோம். அக்காவின் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின, பாய் வரவில்லை. போன் செய்தால், பிளாஸ்டிக் வரணும் மேடம் என்பார்கள். அப்பா பார்சலைத் துரத்தித் துரத்திக் கூரியர்க்காரரோடு சிநேகமே ஆகிவிட்டார். வந்து சேர்ந்தபோது அக்கா கிளம்ப ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி இருந்தது.

அன்றைக்குக் காற்று சுமார்தான். அம்மாவும் வந்தாள். படகில் ஏறச் சொன்னோம், கையை ஆட்டி மறுத்துவிட்டுப் படித்துறையில் உட்கார்ந்துகொண்டாள். மோட்டார் படகு கொட்டகையிலேயே தூங்கியது. தள்ளிக்கொண்டு ஏறினோம். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. படகுக்கு அடியில் தண்ணீர் உரசுவது அப்படிக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கரை எங்களுக்குப் பாய்ப்பக்கமாக வந்தது. அக்கா புது ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன என்று நானும் குனிந்தேன். படித்துறையும், நீலச் சால்வையும், ஃபிளாஸ்க்கின் சிவப்பு மூடியும், எல்லாம் அவ்வளவு துல்லியமாக, கையளவுக்குள் இருந்தன. அம்மா ஒரு கையை நெற்றியில் வைத்து எங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

முன்னால் நாணல் நெருங்கிவிட்டது. திருப்பினால் கரை ஜன்னலைவிட்டுப் போய்விடும்.

“திருப்பணும்க்கா,” என்றேன்.

“திருப்பலாம்,” என்றாள் அக்கா. “கொஞ்சம் போகட்டும்.”

படகின் மூக்கு நாணலில் உரசும் வரை போனோம்.