கீழே விழாத ரக்பிக்காரி

வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்கிறவன் பிழைப்பு, பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுண்டர் மாதிரி: எல்லாரும் கேட்பார்கள், ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். இதே நாற்காலியில் குந்திக்கினு நெற்றியில் தைலம் தேய்க்கும் சகோதரர்களே, நீங்களாவது நம்புங்கள்.

பாதி ஃபீஸ்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே புடவை பிரித்துக் காட்டும் அம்சாக்கா, ஒருநாள் மகள் பவித்ராவோடு மேலே வந்தார். பெண் யுனிவர்சிட்டி ரக்பி டீமில் ஆடுபவள். ரக்பி என்றால் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவது, குறுக்கே வருபவரை முட்டித் தள்ளுவது. அயர்லாந்தில் ஒரு யுனிவர்சிட்டி, நன்றாக ஆடும் பிள்ளைக்குப் பாதி ஃபீஸ் தள்ளுபடி தருகிறது. அது கிடைத்தால் மேல்படிப்பு. இல்லையென்றால் அம்மா பக்கத்தில் நின்று புடவை மடிக்க வேண்டியதுதான். பவித்ரா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சாக்காவுக்குத்தான் சந்தேகம்.

“பாதிக்குத் தர்றான்னா சரக்குல ஏதோ டேமேஜ் இருக்குதுன்னு அர்த்தம்பா. நல்லா விசாரிச்சியா?”

இருபது கிலோ

பவித்ரா முன்வரிசையில் நின்று முட்டுகிறவள். அந்த இடத்துக்கு உடம்புதான் மூலதனம். விண்ணப்பத்தை அம்சாக்காவே தன் கையால் நிரப்பி அனுப்பினார். எழுபத்தெட்டு கிலோ பெண், பேப்பரில் ஐம்பத்தெட்டாக அயர்லாந்து போய்ச் சேர்ந்தாள். இந்த எடையில் முன்வரிசையில் நின்றால் எலும்பு மிஞ்சாதே என்று அங்குள்ள கோச் பதறி மெயில் போட்டார். பவித்ரா தலையில் அடித்துக்கொண்டாள். ஏன்க்கா இப்படி என்றேன்.

“வயசுப் பொண்ணு எடையை எவளாச்சும் உள்ளபடி எழுதுவாளா? நாலு பேர் பார்க்கிற பேப்பராச்சே!”

பூமழை

எடையைத் திருத்தி அனுப்பினேன். அடுத்து கோச், அவள் ஆடும் வீடியோ கேட்டார். அம்சாக்கா செலவில்லாமல் முடிக்க, கல்யாண வீடியோ எடுக்கும் சொந்தக்காரர் சேகரைப் பிடித்தார். அவரும் ஒரு மேட்ச் முழுக்க எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுத்தார். நாதஸ்வரம் ஊதுகிறது, ரோஜா இதழ் கொட்டுகிறது, பவித்ரா ஸ்லோமோஷனில் ஓடி வருகிறாள். ஜடையைச் சரிசெய்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், சிரிக்கிறாள். ஒருத்தரைக்கூடத் தொடவில்லை! மறுநாளோடு கெடு முடிகிறது. பவித்ரா அழுதேவிட்டாள். சேகருக்கோ பெருமை தாங்கவில்லை.

“விழுறது, இடிக்கிறது, மண்ணு மூஞ்சி, எல்லாத்தையும் தூக்கிட்டேன் சார். மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பலாம், அப்படி இருக்குது!”

வெட்டிப் போட்டது

பவித்ரா மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே சேகர் ஸ்டூடியோவுக்குப் போய், வெட்டிப் போட்டதையெல்லாம் வாங்கி வந்தாள். ஒரு காட்சியை மட்டும் அவர் தரவே மறுத்தாராம். சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள். மூன்று பெண்கள் இடுப்பில் தொங்க, பந்தோடு கேமராவை நோக்கி வருகிறாள். எல்லைக்கோட்டைத் தாண்டுகிறாள், நிற்கவில்லை. அப்புறம் வானம் தெரிகிறது, புல் தெரிகிறது, “அய்யோ அம்மா” என்று சேகர் குரல் கேட்கிறது. அதைத்தான் முதலில் அனுப்பினோம். அங்கே கோச் தன் டீமையே கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாராம். பாதி ஃபீஸ் வந்துவிட்டது. ஏம்மா, எதிரில் அந்த மனுஷன் நின்றதைப் பார்க்கவில்லையா என்றேன்.

“பார்த்தேன்ணா. பந்து என் கையில இருந்துச்சு, அவருதான ஒதுங்கணும்?”

பெண்ணுக்கு விசா வாங்குவதெல்லாம் ஒரு கஷ்டமா. அவளைப் படிக்கத்தான் அனுப்புகிறோம், கட்டிக்கொடுக்க இல்லை என்று சொந்தபந்தத்துக்குப் புரியவைப்பதற்குள்தான் நமக்கு நாக்கு தள்ளிவிடுகிறது.